நம் மறைவுக்குப் பின் நம் மக்கள்

தறியில் பாவு எந்த நாளில் தீரும் என்பதை நெசவாளர் ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிவார். அது தீருமுன்பே அடுத்த பாவுக்கு நூல் வேண்டுமென்று சங்கத்தில் சொல்லி வைத்துவிடுவார். உழவரும் அவ்வாறே. அறுவடை நெல் களத்தில் கிடக்கும்போதே விதைநெல்லைப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்துகிறார். இத்துணை முன்யோசனை உடைய நம்மவர்கள், தாம் இல்லாத நாளில் தம் குழந்தைகளின் நிலை என்னவாகும் என்பது பற்றி மட்டும் ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதி வைப்பதில்லை. அப்பேச்சை எடுப்பதே அமங்கலம் என்று வீட்டுப் பெரியவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். உயில் என்றால் அது மிராசுதாரர்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் உரிய விஷயம் என்று நாமும் ஒதுங்கிக்கொள்கிறோம். ஒரு தறியும், ஓர் ஓட்டு வீடும், சங்கத்தில் சில பங்குகளும் மட்டுமே உள்ள குடும்பத்துக்குத்தான் இவ்வேற்பாடு மிகவும் அவசியம் என்பதை நான் ஒரு நிகழ்ச்சியால் அறிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நான் இருந்தேன். எங்கள் அங்கத்தினர் ஒருவர், நாற்பது வயதை எட்டாதவர், சில நாட் காய்ச்சலில் காலமாகிவிட்டார். மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன், வயது முதிர்ந்த தாயார் ஆகியோர் அவருடைய குடும்பம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னர், அந்த அம்மாள் ஒரு தகரப் பெட்டியுடன் சங்கத்துக்கு வந்தார். சங்கப் புத்தகம், வங்கிப் புத்தகம், நகைக்கடன் ரசீது, வீட்டு வரி ரசீதுகள் எல்லாம் அப்பெட்டியில் இருந்தன. கணவர் சங்கத்தில் சேர்த்து வைத்திருந்த பங்குத் தொகையும், சேமிப்பு நிதியும் குழந்தைகளின் படிப்புக்கு ஆகும் என்பது அவருடைய எண்ணம்.

காரியதரிசி பேரேட்டைப் புரட்டினார். நாமினி என்ற இடத்தில் இறந்தவருடைய தம்பியின் பெயர் இருந்தது. அவர் அங்கத்தினராய்ச் சேர்ந்த காலத்தில் அவருக்கு மணமாகவில்லை. அன்று எழுதிய பெயர் பதினைந்து ஆண்டுகளாக அப்படியே நின்றுவிட்டது. விதிப்படி, சங்கத்துக்கு வரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதித் தொகையைத் தம்பியிடம் கொடுத்தோம்.

அந்தத் தம்பியைக் குறை கூற நான் விரும்பவில்லை. அண்ணன் வாங்கியிருந்த கைமாற்றுக் கடன்களை அவர் தீர்த்தார். மருத்துவச் செலவையும் ஈமச் செலவையும் கொடுத்தார். மிச்சத்தைத் தாயாரிடம் ஒப்படைத்தார். தமக்கென்று ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் குழந்தைகளுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. அப்பெண் எட்டாம் வகுப்போடு நின்று, பக்கத்து வீட்டுத் தறிக்குத் தார் சுற்ற உட்கார்ந்தாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லோரும் நல்லவர்களே, ஆனால் நடந்தது இது. ஆண்டுதோறும் பொதுச் சபையில் இலாப நட்டக் கணக்கை நீட்டி முழக்கி வாசித்த நாங்கள், "நாமினியை மாற்ற வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தடவையேனும் சொன்னதில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு. இக்கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

நாமினி என்பவர் யார்? பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். அப்பணத்துக்கு உடைமைக்காரர் அவரே என்று பொருளல்ல. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றிய ஒரு வழக்கில் 1984-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகக் கூறிற்று. நாமினி வாங்கிய பணம் சட்டப்படியான வாரிசுகளுக்கே சேரவேண்டும் என்பது அத்தீர்ப்பு. கூட்டுறவுச் சங்கப் பங்கு பற்றி 2016-இல் அதே நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு அளித்தது. அங்கத்தினர் இறந்தால் சங்கம் பங்கை நாமினியின் பெயருக்கே மாற்றியாக வேண்டும், உரிமை யாருடையது என்பதை வாரிசுகள் தனியே நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கம்பெனிப் பங்குகளுக்கும் நாமினி உடைமைக்காரர் ஆகமாட்டார் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பாயிற்று.

அப்படியானால் எங்கள் அங்கத்தினரின் மனைவி மைத்துனர் மேல் வழக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். சட்டப்படி போட்டிருக்கலாம்தான். ஒரே கூரையின் கீழ் வாழும் மைத்துனர் மேல், அதுவும் செலவாகிப்போன பணத்துக்காக, எந்த அம்மாள் வழக்காடுவார்? வாரிசு ஒருவர், நாமினி ஒருவர் என்று இரு வேறு ஆட்கள் இருக்கும்படி விடுவதே தவறு. யாருக்குச் சேரவேண்டுமோ அவரையே நாமினியாக எழுதிவிட்டால் இத்தொல்லை எழாது.

காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஒரு மாறுதல் ஏற்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் இவர்களில் ஒருவரை நாமினியாக எழுதினால், காப்பீட்டுப் பணம் அவருக்கே சொந்தமாகும். வங்கிக் கணக்குகளில் முன்னெல்லாம் ஒருவரை மட்டுமே நாமினியாக எழுத இயலும். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை எழுதலாம். யாருக்கு எத்தனை விழுக்காடு என்றும் பிரித்துக் குறிக்கலாம். மனைவி, பெண், பையன் மூவர் பெயரையும் எழுத இனித் தடையில்லை. நாமினி மைனராயின், அவருக்குப் பதினெட்டு வயது நிறையும் வரை அவர் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரின் பெயரையும் அதே படிவத்தில் குறிக்க வேண்டும். இந்த இரண்டாவது பெயரை எழுத மறந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பணத்தின் கதை இவ்வளவுதான். வீட்டின் கதை இதனினும் சிக்கலானது.

அந்த அங்கத்தினரின் வீடு அவரே உழைத்துக் கட்டியது, சுயார்ஜித சொத்து. அவர் உயில் எழுதவில்லை. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகிய ஒவ்வொருவரும் சம பங்கு பெறுவர். ஆகவே வீடு நான்கு பாகமாயிற்று. மனைவிக்குக் கால் பாகம். குழந்தைகள் இருவருக்கும் ஆளுக்குக் கால் பாகம். தாயாருக்குக் கால் பாகம். மகனைப் பெற்று வளர்த்த தாய்க்குப் பங்கு வேண்டாமா என்றால், வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சில காலத்தில் அந்த மூதாட்டியும் உயில் எழுதாமலே காலமானார். அவருக்கு இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள். கணவர் முன்பே இறந்தவர். மூதாட்டியின் கால் பாகம் நான்காகப் பிரிந்து, தம்பிக்கும் இரு சகோதரிகளுக்கும் வீட்டில் பதினாறில் ஒரு பங்கு வீதம் சென்றது. மீதமுள்ள பதினாறில் ஒரு பங்கை இறந்த மகனின் குழந்தைகள் இருவரும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு வீதம் பெற்றார்கள். மருமகளுக்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டு அறை கொண்ட ஓட்டு வீட்டுக்கு இப்போது ஆறு பேர் பாத்தியஸ்தர்கள். அவர்களில் இருவர் மைனர்கள். இருவர் வேற்றூரில் வாழ்க்கைப்பட்டவர்கள். பட்டா மாற்ற வேண்டுமானாலும், வீட்டின்மேல் கடன் வாங்கிக் கூரை மாற்ற வேண்டுமானாலும் அத்தனை பேர் சம்மதமும் வேண்டும்.

மைனர்களின் பங்கைப் பற்றி இன்னொரு செய்தி. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், மைனரின் வீட்டையோ நிலத்தையோ நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ தாய்க்கும் தந்தைக்கும்கூட அதிகாரம் அளிக்கவில்லை. அனுமதியின்றி விற்றால், அக்குழந்தை மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர்ந்து அவ்விற்பனையைத் தள்ளுபடி செய்விக்கலாம். இது குழந்தைகளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட விதி. குடிகாரத் தகப்பனிடமிருந்தும், ஆசை காட்டும் உறவினரிடமிருந்தும் எத்தனையோ குழந்தைகளின் நிலத்தை இது காத்திருக்கிறது. ஆனால் உண்மையாகவே மருத்துவத்துக்கோ படிப்புக்கோ பணம் வேண்டிய தாயும் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டும். குழந்தைகளின் செலவுக்கு எந்தப் பணம், அவர்களுக்கென்று நிற்கவேண்டிய சொத்து எது என்று தகப்பனார் முன்பே யோசித்து வைத்திருந்தால், அந்த அலைச்சல் பெரும்பாலும் மிஞ்சும்.

அந்த அங்கத்தினர் ஒரு பக்கத்தில் ஓர் உயில் எழுதியிருக்கலாம். வீடு மனைவிக்கும் குழந்தைகளுக்கும், தாயார் ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வசிக்கவும் உணவு பெறவும் உரிமை, இவ்வளவுதான். தாயை மறந்து எழுதும் உயிலை எந்தச் சங்கத்து இதழும் சிபாரிசு செய்யாது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பெண் ஒருவருக்கு அவருடைய ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுக்கும் சொத்து, "ஆயுட்கால அனுபோகம் மட்டும்" என்று எழுதியிருந்தாலும் அவருக்கு முழு உரிமை ஆகிவிடக்கூடும் என்று 1977-ஆம் ஆண்டு துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே இத்தகைய ஷரத்தை எழுதும்போது மட்டுமேனும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

உயில் எழுதுவது பலர் நினைப்பதுபோல் பெரிய காரியமன்று. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைக் காகிதம் போதும். சட்டச் சொற்களும் தேவையில்லை. எழுதியவரின் எண்ணம் விளங்கினால் சரி. எழுதுபவர் மேஜராகவும் தெளிந்த அறிவோடும் இருக்க வேண்டும். அவர் கையொப்பமோ கைநாட்டோ இடவேண்டும். அதைக் கண்ட சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சொத்துக்களைச் சர்வே எண், கதவு எண், நான்கெல்லையோடும், வங்கிக் கணக்குகளை எண்ணோடும் குறிப்பது பின்னால் வழக்கைத் தவிர்க்கும். உயிலை நிறைவேற்றுபவர் ஒருவர் பெயரையும் எழுதி வைத்தல் நலம்.

சாட்சிகளைப் பொறுத்தவரை நம் மக்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. ஊரிலுள்ள மிக முதிய பெரியவரை மரியாதைக்காகச் சாட்சியாக அழைக்கிறார்கள். உயில் நீதிமன்றத்துக்குப் போனால், சாட்சிகளில் ஒருவரேனும் உயிருடன் வந்து, தாம் கண்டதைச் சொல்லவேண்டும். எழுதுபவரைவிட வயதில் இளையவரும், அவ்வுயிலால் தாம் எதுவும் பெறாதவருமே தக்க சாட்சி. பெரியவருக்கு மரியாதை செய்ய வேறு சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும் பதிவு செய்தால் தொலைந்துபோகும் அச்சமும், போலி என்ற கூச்சலும் குறையும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. பதிவு செய்த உயிலைப் பின்னால் மாற்ற முடியாது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது பிழை. உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக முறைப்படி எழுதியதே, அது பதிவாகாததாயினும், செல்லும்.

தானசெட்டில்மெண்டு பத்திரம் அவ்வாறன்று. எழுதிப் பதிவு செய்த அன்றே சொத்து கைமாறிவிடுகிறது. பிள்ளைகள் சிறுவர்களாய் இருக்கும்போதே அவர்கள் பெயருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டால் பத்திரமாயிருக்கும் என்று நினைத்து, பிறகு தமது அவசரத்துக்கு அந்நிலத்தின்மேல் ஒரு பயிர்க்கடனும் வாங்க இயலாமல் திண்டாடியவர்களை அறிவேன். முதுமையில் எழுதிக் கொடுப்பவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அப்பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

பூர்வீக சொத்து உள்ள உழவர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. "பெண்ணுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, நிலத்தில் அவளுக்கென்ன பங்கு?" என்ற பேச்சு இன்னும் நம் களத்து மேடுகளில் கேட்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த பெண்களுக்குப் பூர்வீக சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல், நாடு முழுவதும் மணமான பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டு. 2005-இல் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பது இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஐயமறத் தீர்த்தது. சீரும் நகையும் பங்குக்கு ஈடாகா. தகப்பனார் பூர்வீக சொத்தில் தம் பாகத்தை மட்டுமே உயிலால் கொடுக்கலாம்; மகள் பாகத்தையும் சேர்த்து மகனுக்கு எழுதும் உயில், உடன்பிறந்தார்க்குள் வழக்கை எழுதி வைப்பதேயாகும்.

மேலே கூறியவை இந்துக்களுக்கு உரியவை. முஸ்லிம் அங்கத்தினர்கள் தம் சொத்தில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் உயிலால் கொடுப்பதில்லை. வாரிசு ஒருவருக்கே கொடுப்பதானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாமற்போகும் என்பதை அவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. தாயும் தந்தையும் இருவருமே இல்லாமற் போனால்? இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்று சில வீடுகளில் சில நாட்களுக்குள் இருவரையும் கொண்டுபோயிற்று. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் தமிழக அரசு ஐந்து இலட்சம் ரூபாய் வைப்பு வைத்து, பதினெட்டு வயதில் அவர்கள் கைக்குச் சேரும்படி 2021-இல் ஏற்பாடு செய்தது. அரசு செய்த அவ்வேற்பாட்டை நோக்குங்கள். பணம் குழந்தையின் பெயரில். வளர்ப்பவர் அதைக் கரைத்துவிட இயலாது. நாமும் நம் சிறு சேமிப்பில் அவ்விதம் செய்துகொள்ளலாம்.

தந்தை காலமானால் தாயே இயற்கைக் காப்பாளர். அதற்கு எந்தப் பத்திரமும் வேண்டியதில்லை. தந்தை தம் உயிலில் வேறொருவரைக் காப்பாளராக எழுதியிருந்தாலும், தாய் இருக்கும் வரை அது நடைமுறைக்கு வராது. தாய் தாமும் ஒருவரைக் குறிக்காமல் காலமானால் மட்டுமே தந்தை குறித்தவர் காப்பாளராவார். ஆகவே கணவனும் மனைவியும் தனித்தனியே உயில் எழுதி, இருவரும் ஒருவரையே குறிப்பது உத்தமம். யாரையும் குறிக்காவிட்டால் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் நியமிக்க வேண்டி வரும். அப்போது தாய்வழியும் தந்தைவழியும் இரு கட்சியாய் நிற்பதையும், நடுவில் குழந்தை நிற்பதையும் நான் கண்டதுண்டு.

குழந்தையை வளர்ப்பவர் ஒருவராகவும், சொத்தைப் பார்ப்பவர் மற்றொருவராகவும் இருக்கலாம். சட்டம் இதற்கு இடமளிக்கிறது. அன்பு மிகுந்த சித்திக்குக் கணக்கு வராமலிருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரரான பெரியப்பாவின் வீட்டில் குழந்தைக்கு ஒட்டாமலிருக்கலாம். இருவரையும் அவரவர்க்கு ஏற்ற காரியத்துக்கு நியமிப்பதே புத்தி. எழுதுமுன் அவர்களிடம் வாய் திறந்து கேட்டுவிட வேண்டும். வயது, உடல்நலம், அவர்கள் வீட்டுக் கஷ்டம் இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தையோ, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற குறைபாடு உடைய குழந்தையோ உள்ள வீட்டில் இந்த யோசனை பதினெட்டு வயதோடு முடிவதில்லை. அத்தகைய பிள்ளை மேஜரான பின்பும் சட்டப்படியான காப்பாளரை நியமித்துக்கொள்ள 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சித் தலைவரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். தாம் திடமாயிருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

கடன் இல்லாத நெசவாளரோ உழவரோ நம்மில் அரியர். தகப்பன் கடனுக்கு மகன் பொறுப்பேற்றே தீரவேண்டும் என்ற பழைய இந்து தர்ம விதி, 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஏற்பட்ட கடன்களுக்குப் பொருந்தாது. தகப்பனாரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசு பொறுப்பாளி. ஆனால் அச்சொத்து முழுவதையும் கடன் விழுங்கிவிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது என்ன? இங்கேதான் ஒரு பழைய சட்டம் கைகொடுக்கிறது. 1874-ஆம் ஆண்டு மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின்படி, ஒருவர் தம் மனைவி மக்களின் நலனுக்கென்று குறித்து எடுக்கும் ஆயுள் காப்பீடு அவர்களுக்கான தனி நம்பிக்கைச் சொத்தாகிவிடும். கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் 1913-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே இவ்வசதி உண்டு. நாட்டின் ஏனைய பகுதிகளுக்கு 1923-இல்தான் வந்தது. நூறாண்டுக்கு மேலாக நமக்குக் கிடைத்திருக்கும் இவ்வுரிமையை முகவர்கள் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. பாலிசி எடுக்கும் வேளையிலேயே இதற்கான படிவத்தில் கையெழுத்திட்டுவிட வேண்டும்.

பெரிய பிரீமியம் கட்ட இயலாதவர்கள் வங்கி மூலம் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரலாம். பதினெட்டு முதல் ஐம்பது வயதுக்குட்பட்டோர்க்கு ஆண்டுக்கு ரூ. 436; இறந்தால் குடும்பத்துக்கு ரூ. 2 இலட்சம். விபத்துக்கு மட்டுமான சுரக்ஷா காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ரூ. 20, விபத்து மரணத்துக்கு ரூ. 2 இலட்சம். தவணை மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானே கழியும். அன்று கணக்கில் பணமில்லாவிட்டால் காப்பீடு அறுந்துவிடும். கூலி வந்ததும் துடைத்தெடுக்கும் வழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டுறவு அங்கத்தினர்கள் மறக்கும் மற்றொன்று ஜாமீன். அடுத்தவர் கடனுக்கு நாம் இட்ட கையெழுத்து நம் மரணத்தோடு அழிந்துவிடுவதில்லை. ஏற்கெனவே கொடுக்கப்பட்ட கடனுக்கு நம் சொத்து பொறுப்பாகவே நிற்கும். யார் யாருக்கு ஜாமீன் நிற்கிறோம் என்று வீட்டில் மனைவிக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது.

ஆகையால் அந்தத் தகரப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். சங்க அங்கத்தினர் எண், பங்குத் தொகை, சேமிப்பு நிதிக் கணக்கு, வங்கிக் கணக்குகள், காப்பீடு, நகை எந்தச் சங்கத்தில் எவ்வளவுக்கு எப்போது அடகு வைத்தது, கொடுத்த கைமாற்று, வாங்கிய கைமாற்று, இட்ட ஜாமீன், தறியில் ஏறியிருக்கும் சங்கத்துப் பாவு இவையெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். நகைக்கடன் இருப்பது வீட்டுக்குத் தெரியாமல் தவணை கடந்து ஏலத்துக்குப் போன தாலிக்கொடிகள் உண்டு. பத்தாண்டு யாரும் கேட்காத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகின்றன. வாரிசுகள் பின்னர் கேட்டுப் பெறலாம்தான். அப்படி ஒரு கணக்கு இருந்ததென்று தெரிந்தால் அல்லவா கேட்பார்கள்? பெயர் எழுத்தும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். பட்டாவில் ஒரு விதமும் ஆதாரில் ஒரு விதமும் பாஸ் புத்தகத்தில் வேறொரு இனிஷியலுமாக இருந்து, மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு விதவை தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையை நான் அறிவேன்.

எங்கள் சங்கத்தில் அவ்வாண்டுப் பொதுச் சபையன்று, வழக்கமான தீர்மானங்களுக்கு முன்பாக நாமினிப் பேரேட்டை எடுத்துவைத்து, ஒவ்வோர் அங்கத்தினரையும் தனியே அழைத்து அவரவர் பக்கத்தைக் காட்டினோம். மணத்துக்கு முன் எழுதிய அண்ணன் தம்பி பெயர்கள் பல. காலமாகிப் பல்லாண்டு ஆன தகப்பனாரையே நாமினியாய்க் கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். கூட்டம் மாலை வரை நீண்டது. காப்பி இரண்டு தடவை வாங்க வேண்டியதாயிற்று.

காலமான அங்கத்தினரின் மனைவி மறு வருஷம் தாமே சங்கத்தில் அங்கத்தினராய்ச் சேர்ந்து, கணவரின் தறியில் உட்கார்ந்தார். படிவத்தில் நாமினி என்ற இடத்தில் பெண், பையன் இருவர் பெயரையும் எழுதச் சொன்னார். மைனர்கள் சார்பில் பணம் பெற்றுக்கொள்ளும் பெரியவர் யார் என்று காரியதரிசி கேட்டபோது, தயங்காமல் மைத்துனர் பெயரைச் சொன்னார். காரியதரிசி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. அப்போது அது யாருக்கு என்று எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதியிருக்கிறதே" என்றார் அந்த அம்மாள்.

பையனின் பிறந்த தேதியில் அவருக்குச் சந்தேகம் வந்தது. படிவத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, பிறப்புச் சான்றை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.